தொடாத பேய்

ஒரு சிலிண்டர், ஒரு வால்வு, ஒரு கம்ப்ரசர் இருந்தால் போதும். அமெரிக்க வீட்டு வாசல்களில் ஹாலோவீன் இரவன்று பேய் எழுந்துவிடும். எழுந்த பேயை எங்கே நிறுத்துவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது.

அக்டோபர் 31. சிகாகோவின் புறநகர்த் தெரு ஒன்று. மாலை ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. ஒரு ஸ்பைடர்மேன், ஒரு இளவரசி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட ஒரு வெள்ளைப் போர்வை. வேடமிட்ட இந்த மூன்று குழந்தைகளும் மிட்டாய் கேட்க, பைகளை ஆட்டிக்கொண்டு என் பக்கத்து வீட்டு வாசலுக்கு நடக்கிறார்கள். புல்தரை ஓரமாக, கூட்டிக் குவித்த மேப்பிள் சருகு மேடு ஒன்று. அந்தத் தெருவில் எல்லா வீட்டு முன்னும் அப்படி ஒரு மேடு உண்டு. யார் அதைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

மூவரும் அதை நெருங்கும்போது ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். சருகெல்லாம் ஆகாயத்துக்குப் பறக்கிறது. பறந்த சருகுக்கு நடுவே சாம்பல் பூத்த ஒரு பிணம் பாதி எழுந்து, வாய் பிளந்து நிற்கிறது. அது எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. எழுந்து நின்ற பிறகுதான் கண்ணுக்கே தெரிந்தது. வெள்ளைப் போர்வை வீல் என்று அலறிக்கொண்டு ஓடுகிறது. ஓடிப்போய் நின்ற இடம், மிட்டாய் கொடுக்கும் வீட்டுப் படி.

ஐந்து விநாடி கழித்து மூவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பிணம் மெதுவாகப் படுத்துக்கொள்கிறது. திரும்பிப் போகும்போது மறுபடி எழுப்பிக் காட்டச் சொல்லி அந்தப் போர்வைதான் கெஞ்சியது.

பக்கத்து வீட்டுக்காரர் பகலில் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர். செப்டம்பர் பிறந்துவிட்டால் அவருடைய கராஜில் காருக்கு இடமிருக்காது. இவரைப் போன்றவர்களுக்கு அமெரிக்காவில் ‘ஹோம் ஹான்டர்’ என்று பெயர்: சொந்த வாசலையே பேய் வீடாக்கி, டிக்கெட் விற்காமல் ஊரைப் பயமுறுத்துகிறவர்கள். அவருடைய பிணத்துக்கு உயிர் தந்தது மந்திரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. தொழிற்சாலைகளில் அட்டைப்பெட்டியைத் தள்ளிவிடவும் பேருந்துக் கதவைத் திறக்கவும் பயன்படும் அதே நியூமேட்டிக் சிலிண்டர்தான்.

ஏன் காற்று?

கடையில் வாங்கும் ஹாலோவீன் பொம்மைகளில் பெரும்பாலானவை சின்ன மோட்டாரில் ஓடுபவை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், கையை ஆட்டும், சிவப்புக் கண்ணைச் சிமிட்டும். பார்க்க நன்றாக இருக்கும். பயம் மட்டும் வராது. மோட்டார் பல்சக்கரங்களைச் சுற்றிப் பலத்தைக் கூட்டும்போது வேகம் குறைந்துவிடுகிறது. அசைவு தொடங்கும்போதே நம் கண் அதைப் பிடித்துவிடும். மூளைக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிட்டால் அப்புறம் ஏது திடுக்கிடல்?

அழுத்தப்பட்ட காற்று முன்கூட்டியே டேங்கில் காத்துக்கிடக்கிறது. கம்ப்ரசர் சில நிமிடம் உழைத்துச் சேமித்ததை வால்வு அரை நொடிக்குள் கொட்டிவிடுகிறது. வில்லில் நாணை இழுத்துப் பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வசதி, தடை வந்தாலும் சிலிண்டர் எரிந்துபோகாது. மோட்டார் மாட்டிக்கொண்டால் சூடேறிக் கருகும். சிலிண்டர் அப்படியே அழுத்திக்கொண்டு நிற்கும். எண்ணெயில் ஓடும் ஹைட்ராலிக் போல ஒழுகித் தரையை நாசமாக்குவதும் இல்லை.

அந்த நல்ல குணத்துக்குள்ளேயே ஆபத்தும் இருக்கிறது. அழுத்திக்கொண்டு நிற்கும் சிலிண்டருக்கு, தான் அழுத்துவது சருகா, ஒரு குழந்தையின் விரலா என்று தெரியாது.

டிஸ்னி பறவையிலிருந்து சருகு மேடு வரை

ஹாலோவீனின் வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் மக்களின் சவின் பண்டிகை. அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் அந்த இரவில் இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்பது நம்பிக்கை. 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்களோடு பண்டிகையும் அமெரிக்கா வந்தது. அங்கே டர்னிப் கிழங்கில் செதுக்கிய முகம், இங்கே பூசணிக்காய்க்கு மாறியது.

காற்றில் அசையும் பொம்மையை மக்கள் முன் கொண்டுவந்ததில் டிஸ்னிலாந்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1963 ஜூனில் திறந்த அதன் டிக்கி ரூம் அரங்கில் பொம்மைப் பறவைகளும் பூக்களும் கூரையிலிருந்து பாடின. ஒலிநாடாவில் பதிந்த சமிக்ஞை மின்சுற்றைத் திறந்து மூட, காற்று வால்வுகள் அலகுகளை அசைத்தன. 1969 ஆகஸ்டில் அதே பூங்காவில் ‘ஹான்டட் மேன்ஷன்’ வந்தது. எழுபதுகளில், நம்மூரிலும் கிளைகள் உள்ள ஜேசீஸ் அமைப்பினர் நன்கொடை திரட்ட ஊர் ஊராகப் பேய் வீடு நடத்தினார்கள். 1973இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெரி ஃபார்ம், 1991இல் ஆர்லாண்டோ யுனிவர்சல் என்று பெரிய பூங்காக்களும் ஹாலோவீன் இரவுகளைத் தொடங்கின.

பெரிய இடங்களில் இருந்த நுட்பம் கராஜுக்குள் வர இரண்டு காரணங்கள். டயருக்குக் காற்றடிக்கவும் ஆணி அடிக்கவும் வீட்டுக்கு வீடு சின்னக் கம்ப்ரசர் வந்துவிட்டது. தொழிற்சாலைகள் கழித்துப் போட்ட சிலிண்டரும் வால்வும் பழைய சரக்காக மலிவு விலைக்குக் கிடைக்க ஆரம்பித்தன.

■ பெட்டிச் செய்தி: எண்களில் ஹாலோவீன்

• 2023இல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்குச் செலவிடுவார்கள் என்று தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணித்த தொகை 1,220 கோடி டாலர்.
• 2020இல் ஹோம் டிப்போ கடைகள் விற்பனைக்கு விட்ட 12 அடி எலும்புக்கூட்டின் விலை 299 டாலர். வாசலில் பெரிய பொம்மை வைக்கும் மோகத்துக்கு அது ஒரு திருப்பம்.
• பேய் வீடு நடத்துபவர்களுக்கான டிரான்ஸ்வேர்ல்டு வணிகக் கண்காட்சி ஆண்டுதோறும் நடப்பது செயின்ட் லூயிஸ் நகரில்.

ஐந்து பொருள், ஒரு பிணம்

பக்கத்து வீட்டுக்காரர் கராஜில் எனக்குப் பாடம் எடுத்தபோது எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்தார். காற்று எந்த வழியில் போகிறதோ அதே வரிசை.

முதலில் கம்ப்ரசர். ஆறு காலன் டேங்க் உள்ள சின்ன ரகம். இரண்டாவது ரெகுலேட்டர். டேங்கில் 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு) அழுத்தம் இருந்தாலும் பொம்மைக்குப் போவது 60 மட்டுமே என்று கட்டுப்படுத்தும் திருகு. கூடவே தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர்.

மூன்றாவது சொலினாய்டு வால்வு. உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கட்டி. அதில் ஐந்து துளைகள். ஒன்றில் காற்று உள்ளே வரும். இரண்டு துளைகள் சிலிண்டரின் இரு முனைகளுக்குப் போகும். மீதி இரண்டும் வேலை முடிந்த காற்று வெளியேறும் வழி. நாம் கேட்ட அந்த ‘புஸ்ஸ்’ இங்கிருந்துதான் வருகிறது. மின்சாரம் பாய்ந்தால் காற்று சிலிண்டரின் பின்புறம் போய் ராடைத் தள்ளும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் வால்வைத் திருப்பிவிடும். காற்று முன்புறம் போய் ராடை உள்ளே இழுக்கும். கரண்ட் போனால் பிணம் தானாகப் படுத்துவிடும் என்பது இதில் உள்ள நிம்மதி.

நான்காவது சிலிண்டர். பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், அதற்குள் ஒரு பிஸ்டன், வெளியே நீளும் ராடு. இதை வாங்கும்போது இரண்டே அளவு கேட்க வேண்டும். குழாயின் உள்விட்டம், அதாவது போர். ராடு வெளியே வரும் நீளம், அதாவது ஸ்ட்ரோக். போர் பலத்தைச் சொல்லும், ஸ்ட்ரோக் தூரத்தைச் சொல்லும்.

ஐந்தாவது, தூண்டும் கருவி. ஆள் வருவதை உணரும் சென்சாரோ, மிதித்தால் வேலை செய்யும் பாயோ, அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டோ இருக்கலாம். எழுப்பி, மூன்று விநாடி நிறுத்தி, படுக்கவைத்து, அடுத்த இருபது விநாடி எதற்கும் மசியாமல் இருக்கும்படி நேரக் கணக்கையும் அந்தப் போர்டில் எழுதிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது இதையெல்லாம் விடப் பழமையானது: நீண்ட வயரின் நுனியில் ஒரு பொத்தான். வாசல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வருவது யார் என்று பார்த்துத்தான் அழுத்துவார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயையோ, ஊன்றுகோலோடு வரும் தாத்தாவையோ எந்தச் சென்சாரும் அடையாளம் கண்டு விட்டுவிடாது.

வால்வுக்கு 12 வோல்ட் ரகத்தையே வாங்கச் சொல்கிறார். மழை ஈரத்தில், புல்தரையில், குழந்தைகள் ஓடும் இடத்தில் 120 வோல்ட் வயரை இழுத்துப் போடுவானேன்?

■ பெட்டிச் செய்தி: 60 பி.எஸ்.ஐ.யில் சிலிண்டர் எவ்வளவு தள்ளும்?

• போர் முக்கால் அங்குலம்: சுமார் 12 கிலோ
• போர் 1 1/16 அங்குலம்: சுமார் 24 கிலோ
• போர் ஒன்றரை அங்குலம்: சுமார் 48 கிலோ
• போர் 2 அங்குலம்: சுமார் 85 கிலோ

கணக்கு இதுதான்: அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்க வேண்டும். விட்டம் இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்கு. இழுக்கும்போது ராடு கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்வதால் பலம் சற்றுக் குறையும்.

நுனியில் வேகம், கீலில் பலம்

முதல்முறை செய்பவர்கள் பொம்மை நான்கடி எழ வேண்டும் என்றால் நான்கடி ஸ்ட்ரோக் சிலிண்டரைத் தேடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிணத்துக்கு அடியில் இருப்பது வெறும் ஆறு அங்குல ஸ்ட்ரோக். மிச்சத்தை லிவர், அதாவது நெம்புகோல், பார்த்துக்கொள்கிறது.

பிணம் படுத்திருப்பது நான்கடிப் பலகை. ஒரு முனையில் கீல், மறுமுனையில் தலை. சிலிண்டரின் ராடு கீலிலிருந்து ஆறு அங்குலம் தள்ளிப் பலகையில் மாட்டப்பட்டிருக்கிறது. நான்கடிக்கு 48 அங்குலம். ஆறால் வகுத்தால் எட்டு. ராடு ஆறு அங்குலம் நீண்டால் பலகை 60 பாகை எழும்பி, தலை நான்கடி நகர்ந்துவிடும். ராடு கால் விநாடியில் நீண்டால் தலையின் சராசரி வேகம் மணிக்கு 17 கிலோமீட்டருக்கு மேல்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. தூரமும் வேகமும் எட்டு மடங்கு கூடினால் பலம் எட்டில் ஒன்றாகிவிடும். ஒன்றரை அங்குலச் சிலிண்டரின் 48 கிலோ, தலைப்பக்கம் போய்ச் சேரும்போது 6 கிலோதான். அதுவும் ராடு பலகைக்குச் செங்குத்தாகத் தள்ளினால்தான் கிடைக்கும். பலகை படுத்திருக்கும்போதோ ராடும் சாய்ந்தே கிடக்கும்; பொம்மையின் எடையும் அப்போதுதான் முழுதாக அழுத்தும். அதனால்தான் பல பொம்மைகள் எழ முடியாமல் முனகுகின்றன. பலகைக்கு அடியில் ஒரு இரும்புக் காதைப் பொருத்தித் தொங்கவிட்டு, ராடை அதில் மாட்டிக் கோணத்தைச் சரிசெய்கிறார்கள். பொம்மையையும் இலேசாகச் செய்கிறார்கள். ஃபோம் தலை, பிளாஸ்டிக் குழாய் எலும்பு, கிழிந்த சட்டை, உள்ளே ஒன்றும் கிடையாது.

இன்னொரு பாடம், சிலிண்டர் எந்தப் பக்கமும் நெருக்குப்படக் கூடாது. பின்முனையும் ராடின் நுனியும் அச்சாணியில் சுழலும்படி மாட்ட வேண்டும். அசையாமல் முறுக்கிக் கட்டினால் ராடு வளைந்து, சீல் தேய்ந்து, ஒரே சீசனில் காற்று கசியத் தொடங்கிவிடும்.

இந்த லிவர் கணக்கு இரண்டு விதமான ஆபத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நுனியில் பலம் குறைவு, வேகம் அதிகம். முகத்தில் பட்டால் பல் போகும். கீலில் வேகம் குறைவு, பலம் அதிகம். விரல் மாட்டினால் எலும்பு நொறுங்கும். பார்க்கிறவர்கள் நுனியைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். செய்கிறவர் பயப்பட வேண்டியது கீலுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தை முழுக்கத் தகடு அடித்து மூடியிருந்தார்.

முதல் அடி

எழும் வேகத்தைக் குறைக்க, சிலிண்டரின் வாயில் சின்னத் திருகு ஒன்று வைப்பார்கள். உள்ளே வரும் காற்றை அது தடுப்பதில்லை. வெளியேறும் காற்றைத்தான் நெருக்குகிறது. பிஸ்டன் முன்னேற வேண்டுமானால் எதிர்ப்பக்கம் இருக்கும் காற்றைப் பிதுக்கித் தள்ளியாக வேண்டும். அந்தக் காற்றே மெத்தை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காற்றெல்லாம் இறங்கிக் காலியாகக் கிடக்கும் சிலிண்டரில் மெத்தை கிடையாது. அந்த நேரத்தில் குழாயைத் திறந்தால், வால்வு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலைக்குப் பிஸ்டன் தடையே இல்லாமல் பாயும். எவ்வளவு நேர்த்தியாக வேகத்தைச் சரிசெய்து வைத்திருந்தாலும் அந்த முதல் அடியில் ஒன்றும் பலிக்காது.

போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் இதைத் தன் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார். பிணத்தின் முகமூடி நழுவியிருந்தது. குனிந்து சரிசெய்துகொண்டிருந்தார். பொத்தான் வயர் எங்கோ நசுங்கி, வால்வு எழும் நிலையிலேயே இருந்திருக்கிறது. காற்று இல்லாததால் பிணம் சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. உதவி செய்வதாக நினைத்து மகன் கராஜில் குழாயைத் திறந்தான். அடுத்த கணம் கண்ணாடி புல்தரையில் கிடந்தது. புருவத்தில் மூன்று தையல். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தழும்பு இன்னும் இருக்கிறது.

அதன்பிறகு அவர் வீட்டில் இரண்டு ஏற்பாடுகள். பொம்மைக்குப் பக்கத்திலேயே ஒரு கைக்குழாய்: திருப்பினால் வரும் காற்றை அடைக்கும், உள்ளே இருக்கும் காற்றையும் வெளியேற்றிவிடும். குனிகிறவர்தான் அதைத் திருப்ப வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. இரண்டாவது, காலையில் முதல் தடவை இயக்கும்போது ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைத்து மெல்ல ஏற்றுவது. மெதுவாக நிரப்பும் ‘சாஃப்ட் ஸ்டார்ட்’ வால்வும் கடையில் கிடைக்கிறது.

மின்சாரத்தில் பழகியவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைப்பார்கள். காற்று அப்படி இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டேங்கிலும் டியூபிலும் சிலிண்டரிலும் அது பதுங்கியே இருக்கும்.

மலிவு எங்கே முடிகிறது?

இந்தப் பொழுதுபோக்கின் ஆரம்ப காலத்தில் பலரும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். கதவு படாரென்று அடிக்காமல் மெல்ல மூட மாட்டுகிற டோர் குளோசர் இருக்கிறதே, அதுவும் ஒரு குழாய், ஒரு பிஸ்டன்தான். துளையிட்டு, மரை போட்டு, காற்றுக் குழாயைச் செருகினால் மலிவான சிலிண்டர் தயார். சைக்கிள் பம்ப்பையும் இப்படி மாற்றினார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீர் வால்வே அவர்களுக்குச் சொலினாய்டு வால்வாகவும் ஆனது.

புத்திசாலித்தனம்தான், சந்தேகமில்லை. ஆனால் கதவை மூடச் செய்த தகரக் குழாயின் மேல் இத்தனை பி.எஸ்.ஐ. தாங்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. மூடி பிய்த்துக்கொண்டு பறந்தால் ராடு அம்பாகிவிடும். முறையான சிலிண்டர் பழைய சரக்காகவே கிடைக்கும் இந்த நாளில் அந்தச் சூதாட்டத்துக்கு அவசியமில்லை.

அதைவிடப் பெரிய கண்ணி, வெள்ளை பி.வி.சி. குழாய். தண்ணீருக்குப் போடுகிறோமே, காற்றுக்கும் போட்டால் என்ன என்று தோன்றும். தண்ணீர்க் குழாய் வெடித்தால் அழுத்தம் உடனே இறங்கிவிடும், தண்ணீர் சுருங்காது. காற்றோ சுருக்கி அடைத்த ஸ்பிரிங். குழாய் உடையும்போது அது விரிந்து, துண்டுகளைக் கத்தியாக வீசும். குளிரில் பி.வி.சி. இன்னும் எளிதில் நொறுங்கும். ஹாலோவீன் வருவதோ குளிர் தொடங்கும்போது. தரைக்கு மேல் போகும் காற்றுக் குழாய்க்கு இதைப் பயன்படுத்துவது ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988லேயே எச்சரித்துவிட்டது. பிணத்துக்கு எலும்பாக வைக்கலாம். நரம்பாக வைக்கக் கூடாது.

■ பெட்டிச் செய்தி: காற்று எவ்வளவு செலவாகும்?

ஒன்றரை அங்குலப் போர், ஆறு அங்குல ஸ்ட்ரோக், 60 பி.எஸ்.ஐ. ஒருமுறை எழுந்து படுக்கச் செலவாகும் காற்று, சாதாரண அழுத்தத்தில் அளந்தால் சுமார் 1.75 லிட்டர். ஆறு காலன் டேங்க் 120 பி.எஸ்.ஐ.யிலிருந்து 60க்கு இறங்குவதற்குள், கம்ப்ரசரைப் போடாமலேயே, கணக்குப்படி ஏறத்தாழ 50 முறை எழுப்பலாம். டியூபை நிரப்பப் போகும் காற்றும் கசிவும் இதில் சேரவில்லை. வால்வைச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே வைத்தால் வீணாவது குறையும், வேகமும் கூடும்.

அலறியவர் எங்கே ஓடுவார்?

பொம்மை செய்பவரின் பொறுப்பு பொம்மையோடு முடிவதில்லை. பயந்தவர் அடுத்த இரண்டு விநாடிகளில் என்ன செய்வார் என்பதும் அவர் போட வேண்டிய கணக்கு.

பயந்த மனிதன் பயம் வந்த திசைக்கு நேர் எதிரே பாய்வான். பொம்மை வீட்டுப் பக்கமிருந்து எழுந்தால் குழந்தை தெருப் பக்கம் ஓடும். ஹாலோவீன் மாலையில் தெரு எப்படி இருக்கும்? இருட்டு, கறுப்பு உடை, கண்ணை மறைக்கும் முகமூடி. 1975 முதல் 2016 வரை 42 ஆண்டு அமெரிக்க விபத்துகளை அலசிய மருத்துவ ஆய்வு ஒன்று, மற்ற மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வண்டி மோதி இறக்கும் அபாயம் 43 சதவீதம் அதிகம் என்று கண்டது.

வெள்ளைப் போர்வை வீட்டுப் படியை நோக்கி ஓடியது தற்செயல் இல்லை. சருகு மேடு தெருவை ஒட்டி இருந்தது; பிணம் எழுந்தது தெருவுக்கு முதுகைக் காட்டி. அலறியவருக்கு வீட்டைத் தவிர ஓட வழியில்லை. ஓடும் வழியில் மேடுபள்ளம் இல்லை, வயர் இல்லை, ஈரச் சருகு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் விளக்கைப் பிணத்தின் மேல் போடுவதற்கு முன் அந்த நடைபாதையில்தான் போட்டிருந்தார்.

எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. பிணம் முழுதாக எழுந்து நிற்கும் இடத்துக்கும், ஆள் கை நீட்டினால் எட்டும் இடத்துக்கும் நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். தைரியசாலிச் சிறுவன் ஒருவன் எப்போதும் கிட்டே வருவான். அதற்காகவே சருகு மேட்டைச் சுற்றிக் கல்லறைக் கற்கள் போல அட்டைகளை நட்டு வேலி போட்டிருந்தார். பார்ப்பவருக்கு அது அலங்காரம். அவருக்கு அது எல்லைக்கோடு. எழுந்த பலகை முட்டி நிற்க ஒரு இரும்புத் தடுப்பு, அதன்மேல் ரப்பர். சிலிண்டரே தன் முடிவில் இடித்து நிற்கும்படி விட்டால் ஒருநாள் பிஸ்டன் உடையும், அல்லது ராடு கழன்று எல்லை தாண்டும்.

பயத்துக்குச் சட்டம் உண்டா?

காசு வாங்கி நடத்தும் பேய் வீடுகளுக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் விதிகளாகவே வந்துவிட்டன. அதற்குக் காரணமான இரவுகளில் ஒன்று 1984 மே 11. நியூ ஜெர்சியின் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் ‘ஹான்டட் காசில்’ என்ற பேய் வீடு தீப்பிடித்தது. உள்ளே மாட்டிக்கொண்ட எட்டு பதின்வயதினர் இறந்தார்கள். இருட்டு, வளைந்து வளைந்து போகும் பாதை, எளிதில் பற்றிக்கொள்ளும் பொருள்கள். பயமுறுத்துவதற்காகச் செய்தவையே வெளியேற விடாமல் செய்தன. தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான், புகை கண்டதும் விளக்கெரிந்து இசை நிற்கும் ஏற்பாடு, தீப்பிடிக்காத துணி என்று பேய் வீடுகளுக்கான தீ விதிகள் இன்று கெடுபிடியாக இருக்கின்றன.

காயம் பட்டால் யார் பொறுப்பு? கலிபோர்னியாவின் சான் டியேகோவில், பேய்ப் பாதை முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே வந்தவரை ரம்பம் ஏந்திய நடிகர் துரத்த, அவர் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2015இல் தீர்ப்பு நடத்தியவர்களுக்குச் சாதகமாக வந்தது. பயந்து ஓடுவதும் ஓடும்போது விழுவதும் அந்த விளையாட்டில் இயல்பாகவே அடங்கியவை. காசு கொடுத்துப் போனவர் அதை ஏற்றுக்கொண்டுதான் போகிறார் என்பது அதன் சாரம்.

அப்படியானால் பொம்மை செய்பவர் கையைக் கழுவிவிடலாமா? முடியாது. பயத்தை ஏற்றுக்கொண்டு வந்தவர் அடியை ஏற்றுக்கொண்டு வரவில்லை. இயல்பான ஆபத்தைத் தன் அலட்சியத்தால் கூட்டுகிறவருக்கு அந்தச் சட்டக் கொள்கை குடை பிடிப்பதில்லை. அதிலும் வீட்டு வாசலுக்கு வருவது டிக்கெட் வாங்கிய ஆளில்லை. மிட்டாய் கேட்டு வந்த ஆறு வயசு.

■ பெட்டிச் செய்தி: முதல் பொம்மைக்கு ஒரு வரிசை

1. எங்கே எழ வேண்டும் என்பதற்கு முன், எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கோடு போடுங்கள்.
2. கையால் தூக்கிப் பாருங்கள். இரண்டு விரலால் எழாத பொம்மையைக் காற்றிடம் கொடுக்காதீர்கள்.
3. சிலிண்டர், வால்வு, டியூப், ஃபிட்டிங் எல்லாம் காற்று அழுத்தத்துக்கென்றே செய்து, தாங்கும் அளவு குறித்தவையாக இருக்கட்டும்.
4. முதல் சோதனை 20 பி.எஸ்.ஐ.யில், ஆள் தள்ளி நின்று. தேவைப்பட்டால் மட்டும் ஏற்றுங்கள்.
5. நைலான் பதித்த நட்டுகளையே போடுங்கள். சாதாரண நட்டு அதிர்வில் தளர்ந்துவிடும்.
6. நூறு முறை தொடர்ந்து இயக்கி, ஒவ்வொரு வெல்டையும் கையால் தடவிப் பார்த்த பிறகு தோல் மாட்டுங்கள், சாயம் பூசுங்கள்.
7. குனிவதற்கு முன் காற்றை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு முறையும்.

நவம்பர் 1

மறுநாள் காலை கராஜ் திறந்திருந்தது. பிணம் சட்டையில்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தது. பகல் வெளிச்சத்தில் வெறும் ஃபோமும் கம்பியும்தான். பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்ரசரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்துகொண்டிருந்தார்.

காற்றைச் சுருக்கினால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் தங்கும். வருடம் முழுக்க அப்படியே விட்டால் உள்ளிருந்து துரு அரிக்கும். வெளியே பெயின்ட் புதிதாகவே இருக்கும். தகடு மட்டும் மெலிந்துகொண்டே வரும். பின்னர் ஒருநாள் 120 பி.எஸ்.ஐ. அதைத் தாங்க முடியாமல் போகும். எத்தனை பேர் வாசல் பொம்மையை மட்டும் பத்திரமாகச் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, டேங்கை மறந்துவிடுகிறார்கள் என்று அவருக்கு வருத்தம்.

திருகு திறந்ததும் முதலில் சீற்றம், பிறகு டீ நிறத்தில் தண்ணீர் கொஞ்சம் தெறித்தது. கடைசியாக வந்த காற்றுக்குச் சத்தமே இல்லை. அவர் பிரஷர் மீட்டரைப் பார்த்தார்; முள் பூஜ்யத்துக்கு வந்திருந்தது. விரல் நகத்தால் கண்ணாடியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. அப்புறம்தான், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பிணத்தின் கீல் பக்கம் குனிந்தார்.